வடலியில் ஏறும் மூன்று சுழல்கள்

வவுனியா நகரை அடுத்து மன்னார் வீதியில் வருகின்ற நெளுக்குளத்திலும், வன்னிப் பெருநிலத்தின் ஏனைய ஊர்களிலும், வளவின் எல்லையிலோ குளக்கட்டின் ஓரத்திலோ நிற்கும் ஒரு வடலியை உற்றுப் பார்த்தால், பொன் விகிதம் என்றும் தங்க விகிதம் என்றும் பெயர் பெற்ற எண்ணின் சுவடு அதன் அடிமரத்தில் பதிந்திருப்பது தெரியும். வடலி என்பது இன்னும் முதிர்ந்து உயராத இளம்பனை. அதன் பழைய ஓலைகள் வெட்டப்பட்ட பின்னரும் மட்டைகளின் அடிப்பாகங்கள் கவடு விரித்தபடி மரத்திலேயே ஒட்டியிருக்கும். தாறுமாறாகச் செருகப்பட்டவை போலத் தோன்றும் அவற்றுள் ஒன்றைக் குறித்துக்கொண்டு, கருக்குக் கையைக் கீறாதபடி, அதற்குச் சாய்வாக மேலே நிற்கும் மட்டைக்கும், அங்கிருந்து அதற்கும் மேலே உள்ளதற்கும் எனத் தொடர்ந்து சென்றால், கொடி போல மரத்தைச் சுற்றி ஏறும் ஒரு சுழல் புலப்படும். அதற்கு இணையாக வேறு இரண்டு சுழல்களும் ஏறுகின்றன. பனையில் தெளிவாகக் கண்ணுக்குப் படும் சுழல்கள் இந்த மூன்றே.

இந்த எண்ணிக்கையை ஒரு மரத்தோடு நிறுத்தாமல் பனைக் குடும்பம் முழுவதிலும் பொறுமையாகச் செய்து பார்த்தவர் டி. அந்தோனி டேவிஸ். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1957இல் வந்து சேர்ந்த உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேனின் குழுவில் பணியாற்றிய அவர், பனை ஓலைச் சுழல்களைப் பற்றி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கமுகில் ஒரே ஒரு சுழல்தான் தெரிகிறது; சர்க்கரைப் பனை எனப்படும் அரெங்கா மரத்தில் இரண்டு; பனையில் மூன்று; தென்னையில் ஐந்து; எண்ணெய்ப் பனையிலும் காட்டுப் பேரீச்சையிலும் எட்டு; பருத்த அடிமரமுள்ள கனேரித் தீவுப் பேரீச்சையில் பதின்மூன்று. நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய எண்ணிக்கையில் தெளிவான சுழல்கள் கொண்ட பனை வகை எதுவும் அறியப்படவில்லை என்பதே அக்கட்டுரையில் வியப்பூட்டும் செய்தி. ஊர் வளவுகளில் அருகருகே நிற்கும் கமுகு, பனை, தென்னை மூன்றும் முறையே ஒன்று, மூன்று, ஐந்து என்ற எண்களைத் தாங்கி நிற்பதைப் பார்க்க ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை.

1, 2, 3, 5, 8, 13 என்னும் இவ்வெண்களுள் ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டுத்தொகையாகும். இத்தாலியின் பீசா நகரைச் சேர்ந்த லெயோனார்டோ என்ற கணிதர் 1202இல் எழுதிய நூலில் முயல்களின் பெருக்கம் பற்றிய ஒரு கணக்காக இத்தொடர் வருவதால், அவருக்குப் பிற்காலத்தில் வழங்கிய பெயரைக் கொண்டு இது பிபனாச்சித் தொடர் எனப்படுகிறது. ஆனால் இதே தொடரை அவருக்கு முன்னரே இந்திய யாப்பியலாளர்கள் கண்டறிந்திருந்தனர். பொ.ஆ. 600க்கும் 800க்கும் இடையில் வாழ்ந்தவராக ஆய்வாளர்கள் கருதும் விரகாங்கர், 1135க்கு முன்னர் எழுதிய கோபாலர், 1150ஐ ஒட்டி எழுதிய குசராத்தியச் சமண முனிவர் ஹேமசந்திரர் ஆகிய மூவரும் எடுத்துக்கொண்ட கேள்வி, குறிப்பிட்ட மாத்திரை அளவுள்ள ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்பதே.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியிலேயே படித்துவிடும் தமிழ் வாசகருக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. வடமொழி யாப்பில் லகு, குரு என்று சொல்லப்படும் ஓசை அளவுகளை விளக்கத்தின் பொருட்டுக் குறில், நெடில் என்றே கொண்டால், நான்கு மாத்திரை அளவை நெடில்-நெடில், நெடில்-குறில்-குறில், குறில்-நெடில்-குறில், குறில்-குறில்-நெடில், நான்கும் குறில் என ஐந்து விதங்களில் நிரப்பலாம். மூன்று மாத்திரைக்கு மூன்று விதங்களும் ஐந்து மாத்திரைக்கு எட்டு விதங்களும் கிடைக்கும். காரணம் எளியது: ஐந்து மாத்திரை அடியின் கடைசியில் குறில் நின்றால் அதற்கு முன்னே நான்கு மாத்திரை நிரப்பப்பட வேண்டும், நெடில் நின்றால் மூன்று மாத்திரை நிரப்பப்பட வேண்டும், ஆகவே நான்குக்கு உரிய ஐந்து விதங்களும் மூன்றுக்கு உரிய மூன்று விதங்களும் சேர்ந்து எட்டாகின்றன. குறில், நெடில் மாத்திரைகளைத் தொல்காப்பியம் வரையறுத்திருப்பதைக் கொண்டு இத்தொடரையும் அதன் மேல் ஏற்றிவிடுவோர் இருக்கலாம். மாத்திரை வரையறை வேறு, அம்மாத்திரைகளால் ஆகும் அமைப்புகளை எண்ணிக் கணக்கிடுவது வேறு, இரண்டாவதைச் செய்தவர்கள் பிராகிருத, வடமொழி யாப்பு நூலார்தாம்.

இத்தொடரில் அடுத்தடுத்து வரும் எண்களைப் பெரியதைச் சிறியதால் வகுத்துக்கொண்டே போனால் பொன் விகிதம் எட்டிப் பார்க்கத் தொடங்கும். மூன்றை இரண்டால் வகுக்க 1.5, ஐந்தை மூன்றால் வகுக்க 1.667, எட்டை ஐந்தால் வகுக்க 1.6, பதின்மூன்றை எட்டால் வகுக்க 1.625, இருபத்தொன்றைப் பதின்மூன்றால் வகுக்க 1.615 என விடைகள் ஒரு முறை கூடியும் மறு முறை குறைந்தும் 1.618 என்ற அளவை நெருங்கிக்கொண்டே செல்லும், ஆனால் ஒருபோதும் அதைச் சரியாகத் தொடுவதில்லை. ஐந்தின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. தசமப் புள்ளிக்குப் பின் முடிவின்றி நீள்வதும், எந்த இரு முழு எண்களின் பின்னமாகவும் எழுத முடியாததுமான விகிதமுறா எண். யூக்ளிட் ஏறத்தாழ பொ.ஆ.மு. 300இல் இதைக் கோட்டுத் துண்டமாக விளக்கினார். அவர் விளக்கத்தைக் கயிற்றில் வைத்துப் பார்க்கலாம்: 100 சென்ரிமீற்றர் நீளமுள்ள கயிற்றை 61.8 ஆகவும் 38.2 ஆகவும் அறுத்தால், முழுக் கயிறு பெரிய துண்டைப் போல எத்தனை மடங்கோ, பெரிய துண்டும் சிறிய துண்டைப் போல அத்தனை மடங்காக இருக்கும். அவர் இதற்குப் பொன் என்ற அடைமொழியைத் தரவில்லை. அந்தப் பெயர் ஜேர்மன் கணிதர் மார்ட்டின் ஓம் 1835இல் எழுதிய பாடநூல் ஒன்றின் வழியாகவே அச்சில் பரவியது. பெயரின் மினுக்கமே பின்னர் வந்த மிகைப்பேச்சுக்குப் பாதிக் காரணமாயிற்று என்று சொன்னால் அது தவறாகாது.

மரத்துக்கு இந்த எண்ணோடு என்ன தொடர்பு என்பதை அறியக் குருத்துக்குள் செல்ல வேண்டும். பனையின் ஓலைகள் அனைத்தும் உச்சியிலுள்ள ஒரே வளர்நுனியில், ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு புடைப்புகளாகத் தோன்றுகின்றன. புதிதாகத் தோன்றும் புடைப்பு, தனக்குச் சற்று முன்னே தோன்றியவற்றின் நெருக்கம் மிகக் குறைவாக உள்ள இடத்தையே பிடித்துக்கொள்கிறது. ஒட்சின் என்னும் வளர்ச்சி ஓமோன் எங்கே திரள்கிறது என்பதே அந்த இடத்தைத் தீர்மானிப்பதாகத் தாவரவியலார் கண்டுள்ளனர். அவ்வாறு ஒவ்வொன்றும் இடம் தேடி அமையும்போது, ஓர் ஓலைக்கும் அடுத்த ஓலைக்கும் இடைப்பட்ட கோணம் ஏறக்குறைய 137.5 பாகையில் நிலைகொள்கிறது. முழு வட்டத்தின் 360 பாகையைப் பொன் விகிதத்தில் 222.5, 137.5 என இரண்டாக வெட்டினால் கிடைக்கும் சிறிய துண்டு இதுவாகையால் இதைப் பொற்கோணம் என்பர். பிரான்சைச் சேர்ந்த பிராவே சகோதரர்கள் 1837இல் செடிகளின் இலையடுக்கை அளந்து இக்கோணத்தைச் சுட்டிக்காட்டினர்.

ஏன் குறிப்பாக இந்தக் கோணம் என்ற கேள்விக்கு விடை எதிர்மறையாகச் சிந்தித்தால் எளிதில் விளங்கும். ஒவ்வோர் ஓலையும் 120 பாகை தள்ளித் தோன்றினால் நான்காவது ஓலை முதலாவதன் நேர் மேலே வந்து நிற்கும். மரத்தைச் சுற்றி மூன்று வரிசைகளில் ஓலைகள் குவிய, இடையே மூன்று வெறும் பட்டைகள் விடுபட்டுப் போகும். 144 பாகையானால் ஐந்து வரிசைகள், 135 பாகையானால் எட்டு வரிசைகள். எளிய பின்னமாக அமையும் எந்தக் கோணமும் விரைவிலேயே தன் சுவட்டில் தானே வந்து மிதிக்கும். பொன் விகிதமோ எல்லா விகிதமுறா எண்களிலும் பின்னங்களுக்கு மிக அரிதாகவே பிடிகொடுப்பது. அதனால் அக்கோணத்தில் தோன்றும் ஓலை எதுவும் இன்னோர் ஓலையின் நேர் மேலே வருவதில்லை, இடமும் வீணாவதில்லை. பிபனாச்சி எண்கள் அதை நெருங்கும் பின்னங்களின் மேலும் கீழுமாக இருப்பதால், அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் மட்டைகளைக் கண் இணைத்துப் பார்க்கும்போது மூன்று, ஐந்து, எட்டு என்ற சுழல்கள் உருவாகின்றன. எந்த எண் தெரியும் என்பது மட்டை அடி எவ்வளவு அகலம், அடிமரம் எவ்வளவு பருமன், ஓலைகள் எவ்வளவு நெருக்கமாகப் பிறக்கின்றன என்பவற்றைப் பொறுத்தது. பிரெஞ்சு இயற்பியலாளர்கள் டுவாடி, கூடேர் இருவரும் 1992இல், காந்தத்தன்மையுள்ள திரவத்தின் துளிகளைச் சீரான இடைவெளியில் ஒரு தட்டின் நடுவே விழச்செய்து, அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளியபடி நகர்ந்து இதே சுழல்களாக அமைவதைக் காட்டினர். துளிகளுக்கு உயிரும் இல்லை, அழகுணர்ச்சியும் இல்லை. ஒவ்வொன்றாக வந்து, முன்னே வந்தவற்றிலிருந்து ஒதுங்கி நிற்பது என்ற ஒரு விதியே போதுமானதாக இருந்தது.

சுழல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது தனிக் கதை. தென்னைகளில் சில இடஞ்சுழியாகவும் சில வலஞ்சுழியாகவும் ஏறுகின்றன. இரு வகையும் ஏறக்குறையச் சரிபாதியாக உள்ளன. இடஞ்சுழித் தாயின் காயிலிருந்து முளைத்த பிள்ளை இடஞ்சுழியாகத்தான் இருக்கும் என்ற நியதி இல்லை என்பதை டேவிஸ் 1962இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். அதாவது சுழலும் திசை பரம்பரையாக வருவதன்று. இடஞ்சுழி மரங்கள் சற்றுக் கூடுதலாகக் காய்ப்பதாகவும் அவர் தம் கணக்குகளிலிருந்து கூறினார். கோயில் வலம் வரும் திசைக்கும் சங்கின் புரிக்கும் அத்தனை பொருள் கற்பிக்கும் சமூகத்தில், தென்னை விடயத்தில் இடம் முந்திக்கொண்டது வேடிக்கைதான்.

அன்னாசியின் கண்களில் எட்டும் பதின்மூன்றுமாக எதிரெதிராக ஏறும் சுழல்களும், சூரியகாந்தியின் வட்டத்தட்டில் 34, 55 எனச் சுழலும் விதை வரிசைகளும் இதே காரணத்தால் அமைபவை. ஆயினும் இயற்கை முழுவதும் இந்த எண்களால் எழுதப்பட்டது என்று சொல்வது மிகை. செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் எருக்கலைக்கும் இதழ் ஐந்து என்று காட்டுபவர்கள், அதே முற்றத்தில் நிற்கும் வெட்சிக்கு நான்கு இதழ் இருப்பதையும், மழைக்காலத்தில் வேலிகளில் ஏறிப் பூக்கும் கார்த்திகைப் பூவுக்கு ஆறு இதழ் இருப்பதையும் விட்டுவிடுகிறார்கள். கணினியின் முன்னோடியான அலன் டூரிங் தம் கடைசி ஆண்டுகளில் இக்கேள்வியில் ஆழ்ந்திருந்தார். அவரது நூற்றாண்டையொட்டி 2012இல் மான்செஸ்டரில் பொதுமக்களைக் கொண்டு சூரியகாந்தி வளர்க்கச் செய்து, 657 பூக்களை எண்ணி 2016இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை பிபனாச்சி எண்களைக் காட்டினாலும் காட்டாதவையும் கணிசமாக இருந்தன. சங்கு, நத்தை, நொட்டிலசு ஓடுகளின் மீது, பொன் விகிதப்படி விரியும் பொற்சுழலை வரைந்து காட்டும் படங்கள் இன்னும் பலவீனமானவை. பொற்சுழல் ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 6.85 மடங்கு விரிய வேண்டும். நொட்டிலசு ஓடு ஒரு சுற்றில் ஏறத்தாழ மூன்று மடங்குதான் விரிகிறது. இரண்டும் ஒரே வகைச் சுழல்கள் என்பது சரி, ஒரே சுழல் என்பது பிழை.

கலையைப் பற்றிய பேச்சில் பிழை இதைவிடப் பெரிதாகிறது. ஏதென்சின் பார்த்தினன் கோயிலை, பக்கங்கள் பொன் விகிதத்தில் அமைந்த பொற்செவ்வகத்துக்குள் அடைத்துக் காட்டும் படங்களில், கோட்டைப் படியில் தொடங்குவதா தூணடியில் தொடங்குவதா, சிதைந்துபோன முகட்டை எங்கே முடிப்பது என்பதைப் படம் வரைபவரே தீர்மானிப்பதால் விரும்பிய விகிதம் கிடைத்துவிடுகிறது. இத்தாலியக் கணிதர் லூக்கா பாச்சியோலி பொன் விகிதத்தைத் தெய்வீக விகிதம் என்று அழைத்து 1509இல் அச்சிட்ட நூலுக்கு லெயோனார்டோ டாவின்சி பன்முகத் திண்மங்களின் படங்களை வரைந்து கொடுத்தது உண்மை. ஆனால் மொனாலிசாவை அவர் இவ்விகிதத்தில் அமைத்தார் என்பதற்கு அவர் கையெழுத்தில் சான்று கிடையாது. பாச்சியோலியே மனித உடலின் அளவுகளைப் பேசும் இடத்தில் உரோமக் கட்டடக் கலைஞர் விற்றூவியசின் எளிய பின்னங்களைத்தான் கையாண்டார். மனித உடலும் கட்டடங்களும் பொன் விகிதத்துக்கு அடங்கியவை என்ற கொள்கையை ஊதிப் பெருப்பித்தவர் 1854இல் எழுதிய அடோல்வ் சைசிங் என்ற ஜேர்மானியர். ஜேர்மன் உளவியலாளர் குஸ்தாவ் பெக்னர் 1876இல் வெளியிட்ட நூலில், பல செவ்வகங்களைக் காட்டிப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பொற்செவ்வகமே கூடுதலான வாக்குப் பெற்றதாக எழுதினார். பின்னர் அச்சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு ஒரே மாதிரியான விடை கிடைக்கவில்லை. தெரிந்தே இவ்விகிதத்தைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டினர்: சால்வடோர் டாலி 1955இல் முடித்த கடைசி இராவுணவு ஓவியத்தின் சீலையை ஏறக்குறைய இவ்விகிதத்தில் அமைத்தார்.

தமிழ்ச் சிற்பிகளின் அளவுமுறை வேறு வழியில் செல்கிறது. நெளுக்குளத்தைக் கடந்து செல்லும் மன்னார் வீதி கடைசியில் கொண்டு சேர்க்கும் வட்டாரத்தில், பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம், இந்திய அரசின் உதவியோடும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் கைவண்ணத்தோடும் கருங்கற் திருப்பணி கண்டு 2022 ஜூலையில் குடமுழுக்குப் பெற்றது. அத்தகைய திருப்பணிகளில் சிற்பிகள் பின்பற்றும் மரபில் அடிப்படை அளவு தாளம். முகத்தின் நீளம் ஒரு தாளம், ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் அடிமட்டத்தில் உள்ள அங்குலமன்று. செய்யப்போகும் திருமேனியின் உயரத்தையே சம கூறுகளாகப் பகுத்துப் பெறப்படுவதால், விரலளவுச் செப்புப் படிமத்துக்கும் ஆளுயரக் கற்சிலைக்கும் அங்குலம் வெவ்வேறாக இருக்கும், விகிதம் மட்டும் மாறாது. நவதாளத் திருமேனி 108 அங்குலம், முதன்மைத் தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாளம் 124 அங்குலம், தேவியருக்கு உரிய மத்திம தசதாளம் 120 அங்குலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். பெரிய தலையும் குறுகிய காலுமாகப் பிள்ளையார் குழந்தைத்தன்மையோடு தோன்றுவது இந்த ஐந்து தாளக் கணக்கால்தான். எல்லாம் முழு எண்கள். விகிதமுறா எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை.

கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையில் இம்மரபின் போக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து 2000ஆம் ஆண்டு ஜனவரி 1இல் திறக்கப்பட்ட அச்சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடம் 38 அடி, சிலை 95 அடி. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் அறத்துப்பால் 38, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து 95. சிலையைப் பீடத்தால் வகுத்தால் சரியாக 2.5 வருகிறது, 1.618 அன்று. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்க வேண்டும் என்ற பொருளே அங்கே விகிதத்தைத் தீர்மானித்தது. பார்ப்பவர் எவரும் அளவு பிசகியிருப்பதாகச் சொன்னதில்லை.

பொன் விகிதத்தைக் கட்டடத் தொழிலின் அளவுகோலாகவே ஆக்க முயன்றவர் கட்டடக் கலைஞர் லெ கோபூசியே. இலங்கையின் கட்டடக் கலைஞர் மினற் டி சில்வாவின் நண்பரான அவர், மொடுயூலோர் என்ற அளவுமுறையை நூலாக வெளியிட்டார். 1.83 மீற்றர் உயரமான ஒரு மனிதனின் தொப்புள் 1.13 மீற்றர் உயரத்தில் உள்ளது, தூக்கிய கை 2.26 மீற்றரை எட்டுகிறது என்று கொண்டு, கதவு, படி, கூரை உயரம் ஆகியவற்றை அதிலிருந்து பெறுவது அவர் திட்டம். முதலில் 1.75 மீற்றராக வைத்திருந்த உயரத்தை, ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் பொலிசார் எல்லோரும் ஆறடி உயரமானவர்கள் என்ற காரணத்தைச் சொல்லி மாற்றினார். சண்டிகார் நகரின் கட்டடங்களில் இவ்வளவுமுறையை அவர் கையாண்டார். ஆறடிப் பொலிசுக்காரனை அளவாகக் கொண்ட கதவுக்குள் ஐந்தடி உயரமுள்ள பெண்ணும் நுழைகிறாள் என்பதை அந்த அளவுகோல் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் இடையில், இத்தொடர் எண்கள் ஆரவாரமின்றி அன்றாட வேலைக்கு உதவும் இடம் தென்னந்தோட்டம். மரத்துக்கு எந்த உரம் குறைகிறது என்று அறிய ஓலையை வெட்டிப் பகுப்பாய்வு செய்யும்போது, எந்த ஓலையையும் வெட்டிவிட முடியாது. வயது மாறினால் ஓலையில் உள்ள சத்தின் அளவும் மாறும். முழுதாக விரிந்த இளைய ஓலையை ஒன்று எனக் கொண்டு, காய்க்கும் மரத்தில் 14ஆம் ஓலையையும், இளமரத்தில் அதன் பருவத்துக்கு ஏற்ப 9ஆம் அல்லது 4ஆம் ஓலையையும் எடுப்பது வழக்கம். நான்கு, ஒன்பது, பதினான்கு என ஐந்து ஐந்தாக ஏறும் இந்த எண்கள் தென்னையின் ஐந்து சுழல்களுள் ஒரே சுழலில் கிடப்பவை. ஆகவே நான்காவதைக் கண்டுகொண்டவர் அதே சாய்வில் கீழே அடுத்துள்ள ஓலைக்கும், அதற்கும் அடுத்ததற்கும் கண்ணை இறக்கினால் போதும். எட்டுச் சுழல்கள் கொண்ட எண்ணெய்ப் பனையில் இவ்வேலைக்கு உரியது 17ஆம் ஓலை. அங்கே கண் 1, 9, 17 என எட்டு எட்டாக இறங்குகிறது.